நிரையிலிருந்து மெத்தைக்கு

ஐந்தடி அகலமும் ஆறடிக்குச் சற்று மேல் நீளமும் 6 அங்குலக் கனமும் உள்ள அசல் ரப்பர் பால் மெத்தையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் எடை தெரியும். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தாலும் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். சுமாராக 35 கிலோ. அதில் பெரும்பங்கு ரப்பர்தான். பால்மரம் ஒன்றை ஒருமுறை வெட்டினால் சராசரியாக 30 முதல் 40 கிராம் வரை உலர்ந்த ரப்பர் கிடைக்கும். அப்படியென்றால் இந்த ஒரு மெத்தைக்குள் ஏறக்குறைய ஆயிரம் மரங்களின் ஒரு வெட்டுப் பால் இருக்கிறது. ஒருவருக்குக் கொடுக்கும் நிரையில் 500 மரம் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு தொழிலாளியின் இரண்டு நாள் வேலை. கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ தளவாடக் கடையில் தொங்கும் விலைச்சீட்டில் இந்தக் கணக்கு இருக்காது. நான் எழுத வந்தது இந்தக் கணக்கைத்தான். கூடவே, முதுகு நோகாமல் தூங்க எந்த மெத்தையை, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும். இரண்டும் தனித்தனி விஷயம் இல்லை. ஒரு பொருள் எதனால், எப்படி, யார் கையால் ஆனது என்று தெரிந்தவரைக் கடையில் யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பால்மரம் நம் மண்ணின் மரமல்ல. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அதன் தொடர்ச்சியாக 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது பேராவின் கோல கங்சாரில் ஊன்றப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவி, ஆண்டுக்கணக்கில் பால் எடுத்துக்கொண்டே இருக்கும் முறையை நிலைநிறுத்தினார். பிறகு கார் சக்கரம் வந்தது, ரப்பர் விலை ஏறியது. 1909 உடன்படிக்கையில் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் கைக்கு மாறியதை ஒட்டிய ஆண்டுகளில், கோல மூடா, கூலிம், பாலிங் பக்கங்களில் காடு அழிந்து பால்மரம் வளர்ந்தது. பீடோங் அருகே இருந்த ஹார்வார்ட் தோட்டம் அமெரிக்காவின் பெரிய டயர் கம்பெனியான யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பருக்குச் சொந்தம். கெடாவில் ஒரு மங்கில், அதாவது மரத்தில் கட்டிய பால் கிண்ணத்தில், சொட்டிய பால் அமெரிக்கச் சாலையில் உருண்டது.

பால் வெட்ட வந்தவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம் ஆட்கள். பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் நாட்களைக் கழித்து, பிறகு தோட்டத்துக்கு. அவர்களை நினைக்கும்போது கப்பலும் கங்காணியும்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். எனக்கு அவர்களுடைய முதுகு நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைய வேண்டும். அந்த நேரத்துக்குக் காரணம் துரையின் கெடுபிடி மட்டுமல்ல, மரத்தின் உடம்பு. வெயில் ஏறினால் இலை வழியாக மரம் நீரை இழக்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழல்களின் அழுத்தம் இறங்கும், ஓட்டம் தளரும். இருட்டில் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். வெட்டு இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கம் சரிந்து வர வேண்டும். பால்குழல்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், இந்தச் சரிவில் வெட்டும்போது அதிகக் குழல்கள் திறக்கின்றன. சீவும் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளே மரத்தை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். உளி அதைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக வளர்ந்து, அடுத்த சுற்று வெட்டுக்கு உதவாமல் போகும். இந்தக் கைப்பக்குவத்தை ஒரு நாளைக்கு 500 முறை, மங்கிய வெளிச்சத்தில், கொசுக்கடியில் செய்தவர்களைப் படிப்பில்லாத கூலிகள் என்று ஒரு காலத்தில் எழுதிவைத்தார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. அது தேர்ந்த கைத்தொழில்.

இனி முதுகு. புது மரத்தில் முதல் வெட்டு தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் திறக்கப்படும். நிமிர்ந்து நின்றே வெட்டலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் கோடு ஒரு மயிரிழை கீழே இறங்கும். ஓராண்டில் ஒரு சாண் அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலும். இரண்டு மூன்று ஆண்டில் கோடு இடுப்புக்கு வந்துவிடும். ஐந்தாறு ஆண்டில் முழங்காலுக்கும் கீழே போய்விடும். அப்போது ஒவ்வொரு மரத்துக்கும் குனிய வேண்டும், அல்லது குத்துக்காலிட்டு எழ வேண்டும். 500 மரத்துக்கு 500 தடவை. அந்தப் பக்கப் பட்டை முடிந்தால் மறுபக்கம் மேலிருந்து மறுபடி தொடங்கும். கிழட்டு மரமானால் தலைக்கு மேலே உள்ள பட்டையை வெட்ட வேண்டும், அப்போது கழுத்து போகும். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் இதைப் பேறுகாலத்துக்கு முன்பும் பின்பும் செய்தார்கள்.

வெட்டி முடித்து, பால் வடிய இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, மறுபடி அதே நிரையைச் சுற்றி மங்குகளிலிருந்து வாளியில் ஊற்ற வேண்டும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் நிறைந்த வாளி, தோளில் கம்பு, காலடியில் சரிவும் வேரும். ஸ்டோரில் கிராணி என்ற எழுத்தர் பாலை நிறுத்து, மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்துக் கணக்கெழுதுவார். மரத்துப் பாலில் ரப்பர் சுமார் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். மழை பெய்து மங்கில் தண்ணீர் கலந்தால் அந்தக் கணக்கு இறங்கும், கூலியும் இறங்கும். பிப்ரவரி வாக்கில் இலையுதிர் காலம் வந்தால் கெடாவின் வறண்ட வெயிலில் மரம் மொட்டையாகி, பாலும் சுண்டிப்போகும்.

ஸ்டோரிலிருந்து பாலுக்கு இரண்டு வழி. ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூண்டில் தொங்கவிடுவது ஒரு வழி. டயருக்குப் போனது அதுதான். இன்னொன்று, உறையாமல் இருக்க அம்மோனியா கலந்து, பாலாகவே வைத்திருப்பது. அதை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டுத் தண்ணீரைப் பிரித்தால் ரப்பர் 60 விழுக்காடு உள்ள கெட்டிப்பால் கிடைக்கும். கையுறையும் பலூனும் மெத்தையும் இந்தக் கெட்டிப்பாலின் பிள்ளைகள்.

இவ்வளவையும் செய்துவிட்டு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்பியவர் எதன்மேல் படுத்தார்? பலகை. அதன்மேல் கோணிச்சாக்கு, அதன்மேல் பாய். பல வீடுகளில் வெறும் தரையும் பாயும். சற்று வசதி வந்த குடும்பங்களில் இலவம்பஞ்சு மெத்தை வந்தது, அதுவும் பெரும்பாலும் கல்யாணச் சீராக. கம்பத்து ஓரங்களில் நெட்டையாக நிற்கும் இலவ மரத்தை இங்கே கெக்காபு என்பார்கள். பால்மரம் இலை உதிர்த்துக் கூலி குறையும் அதே வறண்ட மாதங்களில்தான் கெக்காபு காய் வெடிக்கும். காயைப் பறித்துக் காயவைத்து, பஞ்சு பறக்காமல் வலை போட்டு மூடி, குச்சியால் அடித்துக் கொட்டையைப் பிரிப்பார்கள். கோடு போட்ட தடித்துணியைப் பையாகத் தைத்து, பஞ்சைத் திணித்து, நீள ஊசியால் இடையிடையே முடிச்சுப் போடுவார்கள். தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் இலவம்பஞ்சு ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது, ஆக இந்த மெத்தை இரு கரைக்கும் பொது.

இலவம்பஞ்சின் இழை உள்ளே வெற்றாக, வெளியே மெழுகு பூசியது மாதிரி இருக்கும். தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, மிதக்கும். அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் இதை அடைத்தார்கள், போருக்கு முன் உலகத்துக்கே ஜாவா அனுப்பியது. சூடு தங்காது, வெயிலில் போட்டுத் தட்டினால் புதுசு போலப் பொங்கும். குறை என்னவென்றால் இழை நொறுங்கும். சில ஆண்டுகளில் இடுப்பு அழுந்தும் இடம் குழியாகி, ஓரம் மேடாகிவிடும். பஞ்சு கட்டி கட்டியாகத் திரளும். பிரித்து அடித்து மறுபடி தைக்காவிட்டால் இரவு முழுக்க முதுகெலும்பு அந்தக் குழிக்குள் வளைந்து கிடக்கும். பாட்டிமார் பலர் மெத்தையை விட்டுவிட்டுப் பாய்க்கே திரும்பியதற்குக் காரணம் அந்தக் குழிதான் என்று நினைக்கிறேன்.

ரப்பர் பால் மெத்தையானது இங்கிலாந்தில். 1929-இல் பர்மிங்காமின் டன்லப் ஆலையில் இ. ஏ. மர்ஃபி என்ற ஆய்வாளர், ரப்பர் பாலில் சோப்புக் கரைசல் சேர்த்து, கேக் மாவு அடிக்கும் கருவியால் அடித்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். முட்டையின் வெண்கரு போலப் பால் பொங்கி நுரைத்தது. நுரை அமுங்குவதற்குள் அதை உறையவைக்க ஒரு வேதிப்பொருள், உறைந்ததை வலுவாக்கக் கந்தகம், பிறகு நீராவிச் சூடு. லட்சக்கணக்கான காற்றறைகளோடு அது அப்படியே நிலைத்துவிட்டது. டன்லப்பிலோ என்ற பெயரில் பேருந்து, சினிமாக் கொட்டகை இருக்கைகளுக்கும் பின் மெத்தைக்கும் அது போனது. டன்லப் கம்பெனிக்கு மலாயாவிலும் தோட்டங்கள் இருந்தன. பாலை எடுத்த ஊரிலேயே அந்த மெத்தை துரை பங்களாவைத் தாண்டி லயத்துக்கு வர வெகுகாலமாயிற்று.

மெத்தையைத் திருப்பிப் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் வரிசையாக இருப்பதைக் காணலாம். அலங்காரத்துக்கு இல்லை. வார்ப்பச்சின் இரு தட்டிலும் உள்ள உலோகக் குச்சிகளின் தடம் அது. ரப்பர் சூட்டை எளிதில் கடத்தாது. குச்சிகள் இல்லையென்றால் ஓரம் வெந்தும் நடு வேகாமலும் போய்விடும். வெந்தபின் சோப்பும் மிச்ச வேதிப்பொருளும் போகப் பலமுறை அலசி, பிழிந்து, உலர்த்த வேண்டும். அலசல் சரியில்லாத மெத்தையில் நாற்றம் விடாது, ரப்பர் பாலின் புரதமும் கூடுதலாகத் தங்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள், அதாவது கையுறை பட்டாலே தடிப்பும் மூச்சுத்திணறலும் வருபவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இந்த மெத்தையை வாங்க வேண்டாம்.

இந்தக் கதையில் கெடாவுக்கு இன்னொரு பங்கும் உண்டு. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படையின் இன்னொரு பிரிவு, சயாம் வழியாக வந்து ஜித்ராவில் பிரிட்டிஷ் அணியை இரண்டே நாளில் உடைத்தது. சில வாரங்களில் மலாயா முழுதும் வீழ்ந்தது. உலகத்துக்கு ரப்பர் கொடுத்த காடு ஒரே மூச்சில் எதிரிக் கையில். அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அவசரமாக எழுப்பியது. ஸ்டைரீன், பியூட்டடையீன் என்ற இரு பொருளைச் சேர்த்துச் செய்தார்கள், இன்று எஸ்.பி.ஆர். என்று சொல்வது அதையே. கெடாவில் மரங்கள் வெட்டாமல் கிடந்தன. கூலி இல்லாமல் போன தோட்டத்து ஆட்கள் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்களின் பேர் பட்டியல் இன்றுவரை முழுமையாக இல்லை. போர் முடிந்தது. செயற்கை ரப்பர் போகவில்லை. இன்று கடையில் ‘லேடெக்ஸ்’ என்று விற்கும் பல மெத்தைகளில் பாதிக்கு மேலும் எஸ்.பி.ஆர். இருக்கலாம். 1950-களில் அதைவிட மலிவான பாலியூரிதேன் நுரை வந்து, சாதாரணக் குடும்பங்களின் மெத்தைச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. தொட்டால் மெல்ல அமுங்கி மெல்ல எழும் மெமரி ஃபோமும் அதே வழிவந்ததுதான், 1960-களில் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவுக்காக இருக்கை மெத்தைக்கென்று உருவாக்கினார்கள்.

நம் தோட்டங்களும் மாறிவிட்டன. 1988-இல் 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் எடுத்த மலேசியா, அண்மை ஆண்டுகளில் 4 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. பெருந்தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. சுங்கை பட்டாணியில் பல தாமான்கள் பால்மரம் நின்ற மண்ணில்தான் நிற்கின்றன. கெடாவில் மீதி ரப்பர் பெரும்பாலும் பாலிங், சிக், பாடாங் தெராப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களிடம். அவர்களும் பாலைப் பாலாக எடுப்பது குறைவு. மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்றுவிடுவது எளிது. கட்டிப்பாலிலிருந்து மெத்தை செய்ய முடியாது. ஆகவே மலேசியாவில் கையுறைக்கும் மெத்தைக்கும் வேண்டிய கெட்டிப்பாலில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பால் தாய்லாந்திலிருந்து வருகிறது. கூலிமில் கையுறை ஆலைக்குப் போகிற பேரப்பிள்ளை தொடும் பால், தாத்தா வெட்டிய ஊரின் பால் இல்லை.

சரி, கடைக்குப் போவோம். முதுகுவலிக்குக் கட்டாந்தரைதான் மருந்து, மெத்தை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று நம் வீடுகளில் உறுதியாகச் சொல்வார்கள். மருத்துவர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 2003-இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதைச் சோதித்தது. ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் குழுவினர், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரு பகுதியாக்கி, ஒரு சாராருக்குக் கெட்டி மெத்தையும் மறு சாராருக்கு நடுத்தரக் கெட்டியும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் வலி, அன்றாட வேலையில் சிரமம் இரண்டிலும் நடுத்தரக் கெட்டி மெத்தைக்காரர்களே நன்றாக இருந்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் அகலம், வயிற்றுப் பக்கம் ஒடுங்கியது. தரை கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது, அதனால் தோளும் இடுப்பும் அழுந்தி, இடைப்பகுதி தாங்கலின்றித் தொங்கும். மெத்தை மிகவும் குழைந்தால் கனத்த இடுப்பு மட்டும் உள்ளே போய் முதுகெலும்பு வளையும். தோள் இறங்கும் அளவுக்கு மென்மை, இடுப்பு அமிழாத அளவுக்குத் தாங்கல். நல்ல ரப்பர் பால் மெத்தைக்கு இந்த இரண்டும் இயல்பாக வரும். லேசாக அழுத்தினால் இளகும், அழுத்தம் கூடக் கூட எதிர்த்து நிற்கும்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே மெத்தை கிடையாது. 50 கிலோ உள்ள அம்மாவுக்கு நடுத்தரமாகப் படுவது 95 கிலோ உள்ள மகனுக்குச் சேறு. ஆகவே படுப்பவர் கடைக்குப் போக வேண்டும், படுத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் பெரியவர்கள் தயங்குவார்கள்.

“அம்மா, செருப்பைக் கழட்டிட்டு ஏறிப் படுங்க.”

“ஐயோ, இத்தனை பேரு முன்னாடி எப்படிம்மா? கையால அமுக்கிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. வெல எவ்ளோன்னு கேளு.”

இந்த உரையாடலைச் சுங்கை பட்டாணிக் கடைகளில் எத்தனையோ முறை கேட்கலாம். கையால் அமுக்கிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வீட்டில் எப்படிப் படுப்பார்களோ அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் படுக்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது மகளோ மகனோ பின்னால் நின்று முதுகெலும்பு நேர்கோடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்தபின் இடுப்புக்கடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் புகுந்து வந்தால் மெத்தை அவருக்குக் கெட்டி. நுழையவே இடமில்லாமல் இடுப்பு புதைந்திருந்தால் மென்மை அதிகம். சற்றே இறுக்கமாகப் போய் வந்தால் சரி. புரண்டு படுக்கச் சிரமப்படுகிறாரா, விளிம்பில் உட்கார்ந்து எழ முடிகிறதா என்பதையும் பாருங்கள். முழங்கால் தேய்ந்த முன்னாள் பால்வெட்டிகளுக்குக் கட்டிலின் மொத்த உயரம் மெத்தையின் தரத்தைவிட முக்கியமாகிவிடும். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும்.

பெயர்ச்சீட்டில் ‘ஆர்த்தோபெடிக்’ என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதலாக ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது விற்பனைக்காக இடும் சொல், எந்த மருத்துவரும் அந்த மெத்தையைச் சோதித்துப் பார்த்தார் என்று அர்த்தமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இயற்கை ரப்பர் எத்தனை விழுக்காடு, எஸ்.பி.ஆர். எத்தனை? மெத்தை முழுக்க ரப்பரா, அல்லது பாலியூரிதேன் மேல் இரண்டு அங்குல ரப்பர் விரிப்பா? உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். எடையைக் கேளுங்கள். அசல் ரப்பர் கனமாக இருக்கும், ஒரே ஆள் அலட்சியமாகத் தோளில் போட்டுப் போகிற ஆறு அங்குலப் பெரிய மெத்தை முழு ரப்பராக இருக்க முடியாது. எத்தனை ஆண்டுக்குள், எவ்வளவு குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் அடர்த்தி மிகுந்த பாலியூரிதேனோ, தனித்தனிப் பையில் சுருள்வில் வைத்த மெத்தையோ வாங்கலாம். தவறில்லை. மலிவான லேடெக்ஸ் என்ற பெயரை நம்பி ஏமாறுவதைவிட அது மேல்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு பெரிய தவறு நடக்கிறது. இலவம்பஞ்சுப் பழக்கத்தில் ரப்பர் மெத்தையையும் தூக்கி வாசல் வெயிலில் போட்டுவிடுகிறார்கள். இலவம்பஞ்சுக்கு வெயில் உயிர். ரப்பருக்கு வெயில் எமன். சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்து ரப்பரை மஞ்சளாக்கி, ஓரத்திலிருந்து பொடிப்பொடியாக உதிரவைக்கும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வைத்தால் போதும். கெடாவின் ஈரக்காற்றில் மெத்தையைச் சிமெண்டுத் தரையிலோ முழுப்பலகையிலோ போட்டால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விட்ட சட்டங்கள் உள்ள கட்டில்தான் நல்லது, சட்டங்களுக்கு இடையில் மூன்று விரலுக்கு மேல் இடைவெளி வேண்டாம்.

மெத்தை மருந்தல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். முதுகுவலியோடு காலில் மரமரப்பு, பலவீனம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இவற்றில் எது இருந்தாலும் மெத்தைக் கடைக்கு முன் மருத்துவமனைக்குப் போங்கள். சாதாரண வலிக்கு நாள்கணக்கில் படுத்தே கிடப்பதும் உதவாது, நடமாட்டம் வேண்டும். மல்லாந்து படுப்பவர் முழங்காலுக்கடியிலும், ஒருக்களிப்பவர் இரு முழங்காலுக்கிடையிலும் ஒரு தலையணை வைத்தால் பழைய மெத்தையிலேயே பாதி வலி குறைந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

தோட்டத்துத் தொழிலாளி எப்படி வாழ வேண்டும் என்று 1966-இலேயே ஒரு சட்டம் பேசியது. குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் அந்த ஆண்டு வந்தது, 1990-இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைத் திருத்தி 2020-இல் கொண்டுவந்த விதிமுறைகள்தான் படுக்கையையே அளந்து எழுதின. தங்குமிடத்தில் இருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனிக் கட்டில், 4 அங்குலத்துக்குக் குறையாத கனமுள்ள மெத்தை, தலையணை, போர்வை. இன்று அந்த விதி பெரும்பாலும் காப்பது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம் ஆலைகளிலும் தோட்டங்களிலும் உழைப்பவர்களை. அது முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும், நாமும் கேட்டு வாங்கித்தர வேண்டும். நாலு அங்குல மெத்தை ஒரு தொழிலாளியின் உரிமை என்று எழுதப்பட்டபோது, அந்தப் பாலை வெட்டிய நம் தலைமுறை ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டது.

அவர்கள் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள். லூனாஸில், பாடாங் செராயில், பீடோங்கில், மலிவுவிலை அடுக்குமாடிகளில், பிள்ளைகளின் தாமான் வீடுகளில். தீபாவளிக்கு வீட்டுக்குப் புது மெத்தை வாங்கும்போது பழையதைப் பெரியவர்களின் அறைக்குத் தள்ளுவது நம் வீடுகளில் நடக்கிறது. குழி விழுந்த மெத்தை முதிய முதுகுக்குப் பாயைவிடக் கெடுதல். இந்த வருடம் அந்த வரிசையை மாற்றுங்கள். நிரையில் குனிந்த அம்மாவையோ தாத்தாவையோ கடைக்கு அழைத்துப் போங்கள். கூச்சப்பட்டாலும் பதினைந்து நிமிடம் படுக்கவையுங்கள். அவர்கள் முதுகு ஒப்புக்கொள்ளும் மெத்தையை முதலில் அவர்களுக்கு வாங்குங்கள். உங்களுடையதை அடுத்த போனஸில் வாங்கிக்கொள்ளலாம்.